அவிழ்க்காத முடிச்சு

மேசைமேல் இருந்த சீல்தோல் பூட்ஸ் தன் கைவேலை என்று கௌனாக்குக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

மூன்று ஜோடி. ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பெரியது. எல்லாமே சின்னப்பிள்ளைக் கால் அளவு.

பள்ளிக்கூட ஹாலில், வடதுருவத்தை ஒட்டிய அந்தச் சின்னப் பனி ஊரே கூடியிருந்தது. முப்பத்தொரு வருஷம் இங்கே வைத்தியம் பார்த்த நர்ஸம்மா ஹெஸ்டர், ஓய்வுபெற்றுத் தெற்கே போய், போன மாதம் இறந்துவிட்டாள். பெட்டி மட்டும் விமானத்தில் திரும்பி வந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் புது டீச்சர் மேசையில் பரப்பி வைத்திருந்தார்.

பெட்டியில் ஒரு கடிதமும் இருந்தது. தன் பெயரை இந்த ஊரில் ஒரு குழந்தைக்கு வைப்பீர்களா என்று கேட்டிருந்தாள்.

கேட்டிருக்கவே வேண்டாம். இங்கே செத்தவர் பெயர் அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்குத்தான், ஆணோ பெண்ணோ. பெயரோடு ஆளும் வந்துவிடுவார்.

நாலு நாளைக்கு முன்னால் கௌனாக்கின் மகள் லீத்தியாவுக்குப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் விமானம் பனிப்புயலில் வராததால் கௌனாக்தான் குழந்தையைக் கையில் ஏந்தினாள். ஏந்தியவள் வாயிலிருந்துதான் பெயர் வரவேண்டும். அதற்காகத்தான் ஊர் காத்திருந்தது.

ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள்.

"என் கடவாய்ப்பல்லப் பிடுங்கிட்டு அவதான் அழுதா. வாயெல்லாம் ரத்தத்தோட நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன்" என்றார் ஊர்த்தலைவர் துலுகாக். எல்லோரும் சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முதுகுப் பையில் குழந்தையோடு லீத்தியா மேசையருகே குனிந்தாள். இருப்பதிலேயே சின்ன ஜோடியில் ஒரு சீட்டு கட்டியிருந்தது.

"அம்மா, அண்ணன் பேரு போட்டிருக்கு. உகாலிக், அம்பத்தொம்பது அக்டோபர் ஒன்பது. நர்ஸம்மா கையெழுத்துதான். தைச்ச தேதி போல."

கௌனாக் சீட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்த ஜோடியை அவள் தைத்தது டிசம்பரில்.

அந்த வருஷம் ஆகஸ்டில் ஆஸ்பத்திரிக் கப்பல் வந்தது. உகாலிக்குக்கு ஐந்து வயது. நெஞ்சில் புள்ளி இருக்கிறது, காசநோய் என்றார்கள். கப்பலைவிட்டு அவனை இறங்கவே விடாமல் தெற்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கிறிஸ்துமஸ் விமானத்தில் அனுப்பச் சொல்லி பூட்ஸை நர்ஸம்மா கையில் கொடுத்தாள். வளர்கிற பிள்ளை என்று அடுத்த குளிர்காலத்துக்கு ஒரு விரல் கூட்டித் தைத்தாள். அதற்கடுத்த குளிர்காலத்துக்கு இன்னொரு விரல்.

"மாட்டிக்கிட்டு வார்டு பூரா ஓடுறானாம்" என்பாள் நர்ஸம்மா.

மூன்றாவது ஜோடிக்குப் பிறகு வந்த வசந்தத்தில், உகாலிக் போன வாரம் இறந்துவிட்டான் என்று வந்து சொன்னாள். நீ தைத்த பூட்ஸோடுதான் புதைத்தார்கள் என்றாள்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கௌனாக் இத்தனை வருஷம் இருந்தாள். பிள்ளைக்குக் கால் குளிரவில்லை.

அவன் பெயர் அந்த வசந்தத்தில் விரிகுடாவுக்கு அக்கரையில் ஒரு வீட்டுப் பிள்ளைக்குப் போனது. வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் வரும்போது, அடுத்தவர் பெற்ற அந்தப் பிள்ளையை "மகனே" என்று கூப்பிட்டுக்கொள்வாள்.

கௌனாக் பூட்ஸைத் தூக்கிப் பார்த்தாள். அடித்தோலில் ஒரு கீறல் இல்லை. ஜோடி பிரியாமலிருக்க அவள் நரம்புநூலால் போட்ட முடிச்சு, மூன்றிலும், போட்டபடியே இருந்தது.

அக்டோபர் ஒன்பது.

அது அவன் செத்த தேதி. அதற்கு நாலு மாதம் கழித்துப் பிறந்தவள் லீத்தியா.

பிரசவம் பார்த்தது நர்ஸம்மாதான். குழந்தையை வாங்கிக்கொண்டு கௌனாக் முதலில் கேட்டது அதைத்தான். யாராவது செத்திருக்காங்களா, பேருக்காகக் காத்திருக்காங்களா?

நர்ஸம்மா மூக்கைச் சுருக்கினாள். இல்லை என்பதற்கு ஊரார் செய்வதுபோலவே. பிறகு தன் பைபிளிலிருந்து ஒரு பெயரை எடுத்துக் கொடுத்தாள்.

வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் சொல்ல மனம் வந்திருக்காது. அப்புறம் பால் கொடுக்கிறவளிடம். அப்புறம் பூட்ஸ் தைக்கிறவளிடம். கௌனாக்குக்கு அது புரியாமல் இல்லை.

ஆனால் லீத்தியாவாகத் தன் மடியில் வந்து கிடந்தவனை அவள் ஒருநாள்கூட மகனே என்று கூப்பிடவில்லை.

"கௌனாக்கா, பேரச் சொல்லிடுங்க" என்றார் துலுகாக். "நர்ஸம்மா செத்து ஒரு மாசமாச்சு. எவ்வளவு நாள்தான் வெளிய நிப்பா, பாவம்."

லீத்தியா குழந்தையை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

கௌனாக் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். இன்னொரு கையில் பூட்ஸ் இருந்தது.

"யாரு செத்தா?" என்றாள். "எங்கிட்ட யாரும் சொல்லலியே."

துலுகாக் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"மூணு குளிர்காலம் போகட்டும். அப்புறமா வந்து, நான் அழாத மாதிரி பக்குவமாச் சொல்லு."

குழந்தையை அணைத்தபடியே, அந்தச் சின்ன ஜோடியின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்க ஆரம்பித்தாள்.