எட்டாவது சொட்டு

"எட்டாவது சொட்டுல மஞ்சளாகணும். ஏழும் வேணாம், ஒம்பதும் வேணாம்" என்றார் மீன்தொட்டியை வாங்க வந்திருந்த புரூன்ஸ், தொட்டித் தண்ணீர் நிரம்பிய சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடித்தபடி. "ஒரு வாரமா எட்டுலயே நிக்குதுங்கிறீங்க. இன்னிக்கும் நின்னா தொட்டி எனக்கு. தண்ணியோட காரத்தன்மை ஏறி இறங்கிச்சுன்னா பவளம் தாங்காது. அத வீட்டுக்குக் கொண்டுபோய் நான் சாகடிக்க மாட்டேன்."

"தாராளமா பாருங்க. இது போனாத்தான் எனக்கு நிம்மதி" என்றாள் கேசா. "கூடம் பூரா உப்பு."

"உப்பத் தொடைச்சது யாராம்?" என்றான் எனோ. வந்ததிலிருந்து அவன் கோட்டைக் கழற்றவில்லை.

"ஆமா, அதுக்கு உனக்குச் சிலை வைக்கணும்."

இருவருக்கும் விவாகரத்து முடிந்துவிட்டது. சாமான்களைப் பிரித்தாகிவிட்டது. நாய்கூட எனோவின் அக்காவிடம் போய்விட்டது. மிச்சம் இந்தக் கடல்நீர்த் தொட்டிதான். தண்ணீரைச் சோதிக்க வேசர் ஆற்றின் மறுகரையிலிருந்து தினமும் மாலையில் சைக்கிளில் வருவான் எனோ. சோதிப்பான், ஒரு காபி குடிப்பான், எதற்காவது சண்டை போட்டுவிட்டுப் போவான். தொட்டி போய்விட்டால் அவனுக்கு இங்கே வேலை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

புரூன்ஸ் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். சோதனைக் குழாயிலிருந்த தண்ணீர் நீலமானது. தொட்டிக்குள் பவளங்கள் விரல் விரித்து, எந்தக் கவலையும் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தன.

"அஞ்சு... ஆறு..."

நீலம்.

"ஏழு."

அப்போதும் நீலம்தான். கேசாவின் நெற்றி சுருங்கியது.

"எட்டு." குழாயைக் குலுக்கினார். நீலம் வெளிறி, பளிச்சென்று மஞ்சளானது. "கச்சிதமா எட்டு!"

"இன்னொரு தடவ பாத்துடுங்களேன்" என்றாள் கேசா.

"ஆமா, பாத்துடுங்க" என்றான் எனோ அவசரமாக. "எண்ணுறதுல ஒண்ணு விட்டுப்போயிருக்கும்."

மறுபடியும் எட்டுதான். சனிக்கிழமை வேனோடு வருவதாகச் சொல்லி, இருவரோடும் கைகுலுக்கிவிட்டுப் புரூன்ஸ் கிளம்பினார்.

"சந்தோஷமா?" என்றான் எனோ.

"ரொம்ப. உனக்கு?"

"எனக்கென்ன? இனிமே எதிர்க்காத்துல மிதிக்க வேணாம்."

கையுறைக்காகக் கோட்டுப் பையைத் துழாவினான். கையுறையோடு சேர்ந்து, கசங்கிய காலிப் பாக்கெட் ஒன்றும் கேசாவின் காலடியில் விழுந்தது. சமையல் சோடா. சற்று முன் அவள் காபி போடப் போயிருந்தபோது அவன் தொட்டியருகே தனியாகத்தான் நின்றிருந்தான்.

சோடா, சொட்டுக் கணக்கைக் கூட்டும். இந்த விற்பனை நடக்கக் கூடாதென்று காலையில் கேசா தொட்டியில் கரைத்துவிட்டிருந்த எலுமிச்சை உப்பு, அதைக் குறைக்கும்.