அந்துருண்டை வாசம்

முதலில் கைக்குத் தட்டுப்பட்டது நீல டப்பா.

பீரோ மேல்தட்டில் பட்டுப்புடவை மடிப்புக்குள், கைக்குட்டையில் சுற்றி இருந்தது. பிரித்த பிறகும் அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. மூடியின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதிய பேரைப் படித்தாள். அவள் பேர். அவள் கையெழுத்து.

மூன்று வருடத்துக்கு முன் தொலைந்துபோன டப்பா.

வெளியே ஹாலில் ஒரே சத்தம். தங்கை பூரணிக்கு நேற்றுத்தான் கல்யாணம். இன்று மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். போட்டோக்காரர் அம்மாவை நகர விடவில்லை. அம்மா இடுப்புச் சாவிக்கொத்தை உருவி இவளிடம் நீட்டியிருந்தாள்.

"வெள்ளிச் சிமிழு மேல்தட்டுல இருக்குது கண்ணு. ஓடிப்போயி எடுத்துட்டு வா."

பீரோ சாவியை அம்மா யாரிடமும் கொடுத்தவள் இல்லை. அவசரத்தில் மறந்துவிட்டாள்.

டப்பாவைத் திறந்தாள்.

கண்ணாடி போல மெல்லிய பிளாஸ்டிக். அவளுடைய மேல்வரிசைப் பல்லின் அச்சு. இரண்டு வருடம் வாயில் கம்பி கட்டி, முறுக்கு ஆசையை விட்டு, ரசஞ்சோற்றைக் கரைத்துக் குடித்து வாங்கிய வரிசை. கம்பியைக் கழற்றிய அன்று டாக்டர் இதைக் கொடுத்தார்.

"பல்லு பழைய எடத்துக்குப் போகத்தாம்மா பார்க்கும். ராத்திரி இதைப் போடாமப் படுக்காதே."

ஒரு ராத்திரிகூட அவள் விட்டதில்லை. கல்யாணம் வரைக்கும்.

புகுந்த வீட்டுப் பெட்டியை அடுக்கியது அம்மாதான். டப்பாவைத் தன் கையாலேயே துண்டுக்கு மேலே வைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. புகுந்த ஊரான கோபிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால் துண்டு இருந்தது, டப்பா இல்லை. போனில் அழுதாள்.

"எங்கெயாச்சும் போட்டுத் தொலைச்சிருப்ப. உனக்கு எதுதான் நெனப்பிருக்குது?" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கிளிப்பு போட்டதையெல்லாம் அங்கெ சொல்லிப்போடாதே. உன்ற பல்வரிசையப் பார்த்துத்தான் சரின்னாங்க."

அவள் சொல்லவில்லை.

புதிதாக ஒன்று செய்துகொள்ள ஆஸ்பத்திரி வாசல்வரை ஒருமுறை போனாள். மாமியாரின் சித்தி மகள் அங்கே உட்கார்ந்திருந்தாள். தலைவலி மாத்திரை வாங்க வந்ததாகச் சொல்லி இவள் திரும்பிவிட்டாள்.

ஆறே மாதத்தில் முன்பல் ஒன்று திரும்பிக்கொண்டது. பக்கத்துப் பல் அதன் மேல் ஏறியது. கல்யாண ஆல்பத்தைப் புரட்டிய கணவன், இந்தப் பல் முன்னே நேராகத்தானே இருந்தது என்று கேட்டான். ஞானப்பல் முளைத்து முன்பல்லைத் தள்ளுகிறது என்றாள். அவனும் நம்பினான். அன்றிலிருந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள்.

மூன்று வருடம் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். ஒரு டப்பாவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் துப்பில்லாதவள் என்று.

முந்தானையால் துடைத்து, அச்சை வாயில் வைத்துப் பார்த்தாள்.

கடைவாயில் உட்கார்ந்தது. முன்னால் ஏறவில்லை. கட்டைவிரலால் அழுத்தினாள். வலித்தது. இன்னும் அழுத்தினாள். நாக்கெல்லாம் அந்துருண்டை வாசம்.

அம்மா இதைத் தூக்கி எறியக்கூட இல்லை. பட்டோடு பட்டாகப் பூட்டி வைத்திருக்கிறாள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. எறிந்திருந்தால் தெரியாமலே போயிருக்கும். ஆயுசு முழுக்கத் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு இருந்திருப்பாள்.

ஹாலிலிருந்து அம்மா கூப்பிட்டாள். அச்சைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, இவள் சிமிழுக்காக மறுபடியும் கையை உள்ளே விட்டாள். இன்னொரு கைக்குட்டை தட்டுப்பட்டது.

ரோஸ் டப்பா.

பூரணியுடையது. கல்யாணத்துக்காக அவசர அவசரமாக மூன்று மாதத்துக்கு முன்தான் அவளுக்குக் கம்பி கழற்றினார்கள். காலையிலிருந்து இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள். "எங்கெயாச்சும் போட்டுத் தொலைச்சிருப்ப" என்று அம்மா சொன்னதை இவளும் காதால் கேட்டாள். தங்கச்சியும் நம்மைப் போலவே என்று நினைத்துச் சிரித்துக்கூட விட்டாள், வாயைப் பொத்திக்கொண்டு.

சிமிழை எடுக்காமலே, இரண்டு டப்பாவோடும் ஹாலுக்கு நடந்தாள்.

அம்மா முதலில் பார்த்தது இவள் கையை. பிறகுதான் முகத்தை. வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார்.

அவள் நேராகப் போய் ரோஸ் டப்பாவைப் பூரணியின் உள்ளங்கையில் வைத்தாள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ராத்திரி தவறாமப் போட்டுக்கோ. இல்லீன்னா பல்லு கோணிக்கும்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்தார்.

"அட, கெடைச்சிருச்சா? காலையிலிருந்து என்ற பையங்கிட்டப் பொலம்பீட்டு இருந்துச்சு புள்ள. கெடைக்காட்டி அங்க போயிப் புதுசாப் பண்ணிக்கலாஞ் சாமின்னு இப்பத்தான் சொன்னேன்."

அவ்வளவுதான். பெட்டிகளைக் காரில் ஏற்றப் போய்விட்டார்கள்.

கார் தெருவைத் தாண்டியதும் அம்மா பக்கத்தில் வந்தாள். கையை மட்டும் நீட்டினாள். கண் நீல டப்பாவின் மேல் இருந்தது.

அந்தக் கையில் இவள் சாவிக்கொத்தை வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

வாசலில் கணவன் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"அதென்ன டப்பா?"

"என்ற பல்லுங்க" என்றாள்.

அவன் அவள் வாயைப் பார்த்தான். பொத்திக்கொள்ள அவள் கையை உயர்த்தவில்லை.