ஆறுக்கு ஆறு

"பச்சைப் புள்ளைய பெஞ்சுல உக்கார வெச்சுட்டு, இவளுக்கு ஆட்டம் கேக்குதா?"

டீ கவுண்டரில் இருந்த காவ் அக்கா மெதுவாகத்தான் சொன்னாள். மூன்றாம் மேசையில் ஆடிக்கொண்டிருந்த யாவெனுக்கு அது நன்றாகவே கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், தைவானின் காவ்சியுங் நகரில், மாடியில் ஒரு பூல் கிளப்; கோலால் பந்தைக் குழியில் தள்ளும் ஆட்டம். அறுபத்து நாலு பேர் பெயர் கொடுத்த போட்டியில் பெண்கள் மூன்றே பேர். இரண்டு பேர் காலையிலேயே தோற்றுவிட்டார்கள். மிச்சம் யாவென் மட்டும். இதை ஜெயித்தால் கடைசி எட்டுப் பேரில் ஒருத்தி. அந்த கிளப் போட்டியில் இதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் போனதில்லை.

எதிரில் ஆடியவன் லியாவ். தைனானிலிருந்து வந்திருந்தான். யாவென் பிங்டுங்கிலிருந்து. இரண்டு பேரையும் அங்கே யாருக்கும் தெரியாது.

ஒன்பதாம் பந்தைக் குழியில் தள்ளினால் ஒரு கேம். முதலில் ஏழு கேம் எடுப்பவருக்கு வெற்றி.

குழந்தைக்கு மூன்று வயது இருக்கும். ஆட்டக்காரர்களின் நாற்காலிகளுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து சிணுங்கியது. அப்போது லியாவ் ஆடிக்கொண்டிருந்தான். யாவென் எழுந்து போய் அதன் மூக்கைத் துடைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

அடுத்து யாவென் ஆடப் போனபோது, லியாவ் ஓர் அன்னாசி கேக்கைப் பிரித்துக் குழந்தையின் கையில் வைத்தான்.

"பாருங்க, அந்த மனுசனுக்கு எவ்வளவு நல்ல மனசு. எதிராளியோட புள்ளைன்னுகூடப் பாக்கல," என்றாள் காவ் அக்கா, டீ வாங்க வந்தவரிடம்.

நேராகக் கிடந்த ஐந்தாம் பந்தை யாவென் தவறவிட்டாள்.

நாலுக்கு இரண்டு என்று பின்தங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். நாலுக்கு நாலு. ஐந்துக்கு ஐந்து.

லியாவ் குனிந்து குறி பார்த்துக்கொண்டிருந்தபோது குழந்தை மறுபடி அழுதது. கிளப் முதலாளி ஹுங்தான் நடுவர். நேராக யாவெனிடம் வந்து குனிந்து, அவள் காதோடு சொன்னார்.

"இதெல்லாம் வீட்டுல விட்டுட்டு வரணும்மா. இது கடைசி எச்சரிக்கை. இன்னொரு தடவை சத்தம் வந்தா அந்த கேமைக் கழிச்சு எதிராளிக்குக் குடுத்துடுவேன்."

யாவென் மேசைப் பக்கம் பார்த்தாள். லியாவ் இன்னும் நிமிரவில்லை.

"சரி. பாத்துக்கறேன்," என்றாள்.

ஆறுக்கு ஆறு. கடைசி கேம்.

சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. லியாவ் ஆறு பந்துகளை வரிசையாக விழவைத்தான். மிச்சம் மூன்று பந்து. ஏழாம் பந்துக்கு லியாவ் குனிந்தபோது, குழந்தை பெஞ்சிலிருந்து சறுக்கி விழுந்தது. அலறல் கிளப் முழுக்கக் கேட்டது.

யாவென் ஓடிப் போய்த் தூக்கினாள். அதற்குள் ஹுங் கையை உயர்த்திவிட்டார்.

"போதும். முன்னாடியே சொன்னேன்ல? இந்த கேமைக் கழிச்சு லியாவுக்குக் குடுத்தாச்சு. ஏழுக்கு ஆறு. லியாவ் ஜெயிச்சாச்சு."

இரண்டு பேர் கை தட்டினார்கள்.

யாவென் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு லியாவைப் பார்த்தாள்.

லியாவ் ஸ்கோர் பலகையைப் பார்த்தான். மேசையில் கிடந்த மூன்று பந்துகளைப் பார்த்தான். பிறகு கோலை மேசைமேல் வைத்தான்.

"கழிக்கணும்னா எனக்குக் கழிங்க. அது என் பொண்ணு."

குழந்தை அவனிடம் தாவியது.

"இவ அம்மாவுக்கு இன்னைக்கு ஆஸ்பத்திரியில டியூட்டி. பாத்துக்க வேற ஆள் இல்ல. அதான் கூட்டிட்டு வந்தேன்."

ஹுங்கின் முகம் இளகிவிட்டது.

"அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? குழந்தைன்னா அழத்தானே செய்யும். ஒண்ணும் கழிக்க வேண்டாம். நீங்க ஆடுங்க."

"அவங்களுக்குன்னா கழிப்பீங்க, எனக்குன்னா இல்லையா?"

"அது வேற, இது வேற."

லியாவ் யாவெனைப் பார்த்தான். நியாயமாக அந்த கேம் அவளுக்குத்தான் போகவேண்டும். அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

"ஆடியே முடிப்போம். உங்க முறைதான்," என்றாள் யாவென்.

காவ் அக்கா ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். லியாவ் அடித்தான். ஏழாம் பந்து குழியின் விளிம்பில் முட்டி, வெளியே நின்றுவிட்டது.

யாவென் கோலின் நுனியில் சாக்கட்டி தடவிக்கொண்டு குனிந்தாள். கவுண்டர் பக்கம் ஒரே கொஞ்சல். ஒருவர் கைதட்டிப் பாட்டுப் பாடினார். ஹுங்கே குழந்தைக்கு சோயா பால் ஊற்றிக்கொண்டிருந்தார். சத்தம் போடாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

ஏழு விழுந்தது. எட்டு விழுந்தது. ஒன்பதுக்குக் குனிந்தவள் ஒருமுறை நிமிர்ந்து, மூச்சை இழுத்துவிட்டு, மறுபடி குனிந்தாள்.

ஒன்பதும் விழுந்தது.

லியாவ் வந்து கை கொடுத்தான். "எச்சரிக்கை குடுத்தப்பவே என் புள்ளைன்னு சொல்லியிருக்கலாமே?"

"நீங்க குறி பாத்துட்டு இருந்தீங்க. அப்பப் பேசக் கூடாதே."

லியாவ் தலை குனிந்தான்.

கவுண்டரில் காவ் அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு டீ வாங்க வந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒரு கையில புள்ள, ஒரு கையில கோலு. இப்படி ஒரு அப்பாவ எங்க பாக்க முடியும், சொல்லுங்க? அவளுக்கென்ன, புள்ளையா குட்டியா. நிம்மதியா ஆடி ஜெயிச்சுட்டா."