பதினைந்து மணி நேரம்

"டப்ளின்லேர்ந்து கொச்சிக்கு எட்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். நடுவுல அபுதாபியில மாறி ஏறினா பதினஞ்சு மணி நேரம். இன்னிக்கு மத்தியானம் ஒரே ஒரு சீட்டு இருக்கு பின்ஸி. போட்டுடட்டுமா?"

ரெஜி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டான். ராத்திரி டியூட்டி முடித்து வந்த அவன் மனைவி பின்ஸி, நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

கேரளாவில் பாலா ஊரிலிருந்து அவள் தம்பி டோமி அப்பாவைப் பற்றி ஃபோன் செய்து அரைமணி ஆகியிருந்தது.

"சேச்சி, அப்பச்சனுக்கு ரொம்ப முடியலை. ஐசியூல இருக்காரு. உன்னைத்தான் கேக்கறாரு. உடனே கிளம்பி வா."

"வீடியோ கால்ல காட்டுடா."

"உள்ளே ஃபோன் விடமாட்டேங்கறாங்க சேச்சி."

அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மச்சி - அவள் அம்மா - விஷயத்திலும் வார்த்தை மாறாமல் இதையேதான் சொன்னான். அடித்துப் பிடித்துத் தனியாக ஓடினாள். போய்ச் சேர்ந்தால் வாசலில் பந்தல். கடல் தாண்டி இருப்பவர்களிடம் சாவைச் சொல்ல அந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. ஐசியூ வரைக்கும்தான் சொல்வார்கள்.

"ஒத்தை சீட்டு வேணாம் அச்சாயா," என்றாள் ரெஜியிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்பச்சன் போயாச்சு. ஃப்ரீசர்ல வச்சிருப்பாங்க. நான் மட்டும் ஓடி என்ன ஆகப்போகுது? அம்மச்சி முகத்தைத்தான் பிள்ளைங்க பார்க்கலை, தாத்தா முகத்தையாவது பார்க்கட்டும். நாலு பேரும் சேர்ந்து போகலாம்."

"அப்படின்னா வியாழக்கிழமைதான். வெள்ளி காலைல இறங்குவோம். இன்னிக்குச் செவ்வாய். அதுவரைக்கும் அடக்கத்தைத் தள்ளிப் போடுவாங்களா?"

"மக வராம எடுத்துடுவாங்களா? பாதி ஊரு வெளிநாட்டுலதானே இருக்கு? சர்ச் ஃபாதருக்கு இதெல்லாம் பழக்கம்."

டோமியிடம் வெள்ளிக்கிழமை என்றாள். மறுமுனையில் பேச்சே இல்லை. அழுகையை அடக்குகிறான் போலிருக்கிறது, பாவம். அவனைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று அவளும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு நாளில் அழ வேண்டியதையெல்லாம் அழுது முடித்தாள். லீவு சொன்னாள். பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்பு வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை பாலா வீட்டு வாசலில் அவள் நினைத்தபடியே பந்தல், வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே போய் அப்பச்சனின் நெற்றியில் முத்தமிட்டாள். பிள்ளைகளையும் முத்தமிடச் சொன்னாள். பிறகு தம்பியைத் தனியாக அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்கிட்டே எதுக்குடா பொய் சொன்னே? நான் நர்ஸ். செவ்வாய்க்கிழமையே நேரா சொல்லியிருந்தா தாங்கியிருக்க மாட்டேனா?"

டோமி அவளை ஏறிட்டுப் பார்த்தான்.

"உன்கிட்டே நான் எந்தப் பொய்யும் சொல்லலை சேச்சி. நேத்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் அப்பச்சன் நினைவோடதான் இருந்தாரு. நீ பிளைட்டுல வந்துட்டே இருக்கேன்னு ரெண்டு நாளா அவர்கிட்டேதான் பொய் சொல்லிட்டிருந்தேன்."