சனிக்கிழமைப் படம்

"இன்னிக்காவது ஒரு ஃபைட்டு இருக்குமா சார்?"

குப்புராஜ் கேட்டதுக்கு எபினேசர் சார் புரொஜக்டர் ஒயரைச் சொருகிக்கினே சிரிச்சாரு. அந்தச் சிரிப்பைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கினு வரும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல எங்களுது பிரஸ் ஷாப். தகட்டை உள்ள வெச்சு பெடலை மிதிச்சா, மேலேந்து டைன்ற இரும்பு அச்சு எறங்கி அடிக்கும். நேரத்துக்குக் கைய எடுக்கணும், அவ்ளோதான் வேலை. ஆள் பத்தலன்னு சனிக்கிழமை ஆனா காலை ஷிப்ட் முடிச்சவனையே ரெண்டாவது ஷிப்ட்டுக்கும் நிறுத்திடுவாங்க. நடுவுல ரெண்டு மணி நேரம் டிரெய்னிங். ஆடிட்டுக்குக் காட்டணும் இல்ல? அதை நடத்தறவருதான் எபினேசர் சார்.

மிஷினைப் பத்திச் சொல்லுவாருன்னு பாத்தா, மனுஷன் படம் போடுவாரு. அதுவும் எப்படிப்பட்ட படம்! ஒரு வாரம் உப்பளத்துல ஒருத்தரு உப்பு வாரிக்கினே இருந்தாரு. ஒரு பேச்சு இல்ல. இன்னொரு வாரம் வெறும் மழை. ஓட்டு மேல பெய்யுது, குளத்துல பெய்யுது, மறுபடியும் ஓட்டு மேலயே பெய்யுது.

"இதெல்லாம் பரிசோதனைப் படம், அன்பு. பாக்கப் பாக்கத்தான் புடிபடும்"ன்னுவாரு.

இன்னாத்த புடிபடும்? லைட்டை அணைச்சா பின்னாடி குறட்டை ஆரம்பிச்சிடும். அரசப்பண்ணன் சேரைச் சேத்துப் போட்டுப் படுத்துப்புடுவாரு. எபினேசர் சார் ஒருத்தரையும் எழுப்ப மாட்டாரு. ஓரமா ஸ்டூல்ல குந்திக்கினு, தான் மட்டும் படத்தைப் பாத்துக்கினு இருப்பாரு.

படிச்ச திமிரு, வேற இன்னா! தனக்குப் புடிச்சதை நம்ம தலையில கட்றாரு. உடம்பு அடிச்சுப் போட்டாப்புல கீது, கண்ணு எரியுது. ஒரு பாட்டு, நாலு ஜோக்குன்னு ஒரு நல்ல படம் போட்டா கொறைஞ்சா போயிடுவாரு?

போன வாரம் மேனேஜர் போட்ட சத்தத்துலதான் எனக்கே முழிப்பு வந்துச்சி.

"எபினேசர்! இதுவாய்யா டிரெய்னிங்? மொத்தப் பேரும் தூங்கறான்! இவங்களுக்கு எதுக்கு இந்தப் படமெல்லாம்? இந்த நேரத்தையும் புரொடக்‌ஷனுக்கே குடுத்துடுங்க."

ஸ்கிரீன்ல ஒரு எருமை நிதானமா அசை போட்டுக்கினு இருந்துச்சி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. பேஜாரு புடிச்ச படம்தான். ஆனா சனிக்கிழமைல நாங்க உக்கார்றதே அந்த ரெண்டு மணி நேரம்தானே?

எபினேசர் சார் எழுந்து நின்னாரு.

"சார், இது கவனத்துக்கான பயிற்சி. மெதுவான படம் பாத்துப் பழகினா மனசு ஒரு எடத்துல நிக்கும். பிரஸ்ல நம்ம சின்னராசுக்கு வெரல் போனது சனிக்கிழமை ரெண்டாவது ஷிப்ட்ல. இந்தப் படம் ஆரம்பிச்சதுக்கப்புறம் யாருக்காவது போயிருக்கா, சொல்லுங்க?"

மேனேஜர் எங்களைப் பாத்தாரு. எருமையைப் பாத்தாரு. "ஏதோ பண்ணுங்க"ன்னுட்டுப் போயிட்டாரு.

"நல்லா கத உடறாரு பாரு. எருமையைப் பாத்தா வெரலு தங்குமாம்"ன்னான் குப்புராஜ்.

அதான் இன்னிக்கு ஒரு முடிவோட வந்தேன். தூங்கக் கூடாது. முழுப் படத்தையும் பாத்துட்டு, "இதுல இன்னா சார் கீது?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுடணும்.

லைட் அணைஞ்சிது. ஒரு ஆறு. ஒரு பொம்பள துணி துவைக்கறா. துவைக்கறா, அலசறா, பிழியறா, மறுபடி துவைக்கறா. நான் தொடையைக் கிள்ளிக்கினே பாத்தேன். நடுவுல ஆத்துக்கு அந்தாண்ட ரயிலு ஒண்ணு கூவிக்கினு வந்துச்சி. சார் ஓடிப்போய் சவுண்டைக் கொறைச்சாரு. எதுக்குன்னு புரியல.

கிள்றதை எப்ப விட்டேன்னு தெரியல. அந்தப் பொம்பள கையையே பாத்துக்கினு இருந்தேன். கடைசியா மூட்டைலேந்து ஒரு சின்னச் சட்டையை எடுத்தா. அதைத் தண்ணில போடல. மோந்து பாத்தா. அப்படியே மடிச்சித் துவைச்ச துணிமேல வெச்சுட்டா. படம் முடிஞ்சிபோச்சி.

அந்தப் புள்ளைக்கு இன்னா ஆச்சின்னு படத்துல யாருமே சொல்லல. சொல்லாமயே தெரிஞ்சிது.

எல்லாரும் சோம்பல் முறிச்சிக்கினு வெளிய போனாங்க. நான் நேரா சாருகிட்ட போனேன். சண்டை போடப் போனவன் வாயில வேற பேச்சு வந்துச்சி.

"சார், அந்தச் சின்னச் சட்டையை ஏன் சார் துவைக்கல? வாசனை போயிடும்னா?"

அவரு மூஞ்சில வந்த சந்தோஷத்தை நான் அதுவரைக்கும் பாத்ததே இல்ல. ரெண்டு கையாலயும் என் கையைப் புடிச்சிக்கினாரு.

"அன்பு! பாத்தியா? முழுசாப் பாத்தியா? இத்தினி மாசத்துல இப்படி ஒரு கேள்வி கேட்ட மொத ஆளு நீதான்யா!"

சொல்லிக்கினே, புடிச்சிருந்த கையைக் குனிஞ்சி பாத்தாரு. என் வெரலுங்களைப் பாத்தாரு. அந்தச் சந்தோஷம் அப்படியே வடிஞ்சிபோச்சி.

"அப்ப நீ தூங்கவே இல்லையா? இப்பப் போய் பிரஸ்ல கை வெக்கணுமேய்யா!"

"பரவால்ல சார்..."

"இன்னா பரவால்ல? சூப்பர்வைசர்கிட்ட நான் பேசிக்கறேன். இன்னிக்கு மட்டும் நீ பேக்கிங்ல நில்லு. மிஷின் பக்கமே போகாத."

புரொஜக்டரைப் பையில வெச்சிக்கினே தனக்குத்தானே சொல்லிக்கினாரு.

"அடுத்த வாரம் இதைவிட மெதுவான படமாப் பாத்துப் போடணும்."