தரையில் ஊற்றிய தண்ணீர்

குளிப்பாட்டும் அறையில் நான்கு பேர்.

பலகையில், வெள்ளைப் போர்வைக்குள், இறந்தவள். தலைமாட்டில், முக்காலியில், குளிப்பாட்டுகிறவள். கால்மாட்டில், கையில் செம்போடு, இறந்தவளின் தங்கை. சுவரோரம் பாய் விரித்து, இறந்தவளுக்குச் சுற்றும் கஃபன் துணியை ஐந்து துண்டாக வெட்டிக்கொண்டிருந்த தையல்காரி.

ஐந்தாவது ஆள் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். இறந்தவளின் புருஷன்.

மாடிப்படியில் உருண்டு விழுந்துவிட்டாள் என்று சொல்லியிருந்தான். மாலை அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம். அதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. குளிப்பாட்டும்போது மய்யித்தை யாரும் படம் பிடித்துவிடக் கூடாது என்று பெண்களின் போன்களையெல்லாம் வாங்கி மடியில் வைத்திருந்தான்.

குளிப்பாட்டுகிறவளுக்கு எதிலும் முறை பிசகாது. தன் மகளைக் கழுவ வந்த பெண்களுக்கு நபி சொல்லிக்கொடுத்த முறை அது. வலப்பக்கத்தில் தொடங்கு. ஒற்றைப்படையாக ஊற்று. கடைசித் தண்ணீரில் கற்பூரம் சேர். கூந்தலை மூன்றாகப் பின்னிப் பின்னால் போடு.

இன்னொன்றும் உண்டு. கண்டதை வெளியே சொல்லாதே.

நாற்பது வருஷத்தில் நூறு பெண்களுக்கு மேல் கழுவி அனுப்பியிருக்கிறாள். யார் உடம்பில் என்ன இருந்தது என்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை.

போர்வையை நெஞ்சுவரை இறக்கினாள்.

கழுத்தில் ஒரு கை பதிந்திருந்தது. இடப்பக்கம் நான்கு விரல், வலப்பக்கம் கட்டைவிரல். கீழுதடு கிழிந்து, முன்பல் ஒன்று பாதியாய் நின்றது. வலக்கையில் இரண்டு நகங்கள் பிய்ந்திருந்தன. மிச்ச நகங்களுக்கு அடியில் யாருடைய தோலோ.

உடம்பை ஒருக்களித்துப் புரட்டினாள். முதுகெல்லாம் சதுரம் சதுரமாகக் கன்றியிருந்தது. ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் முள் கிழித்த ஒரு கோடு. பெல்ட்டின் பக்கிள். பழையவை மஞ்சளாக, அவற்றின்மேல் புதியவை கறுப்பாக. பதினொன்றுவரை எண்ணிவிட்டு நிறுத்தினாள். பின்மண்டையில் விரல் வைத்தபோது எலும்பு அமுங்கியது.

அவள் கை தானாகத் தன் இடது தோளுக்குப் பின்னால் போய்விட்டுத் திரும்பியது.

“நல்ல மாடிப்படிதான்” என்றாள் தையல்காரி, கத்தரியை நிறுத்தாமல். “விழுந்தவளை எழுப்பி எழுப்பி அடிச்சிருக்கு.”

தங்கை அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு செம்பைத் தூக்கினாள்.

“ஊத்தாத” என்றாள் குளிப்பாட்டுகிறவள்.

செம்பு அந்தரத்தில் நின்றது.

“ஒரு சொட்டு பட்டாலும் அவனுக்குத்தான் லாபம்.”

கதவில் உதை விழுந்தது. தாழ்ப்பாள் துள்ளியது.

“என்ன, தண்ணிச் சத்தத்தையே காணோம்? பாத்ததைப் பாத்த இடத்துலயே விட்டுட்டு வாங்க. இல்ல, உள்ள இன்னும் மூணு பலகை போட வேண்டியிருக்கும்!”

குளிப்பாட்டுகிறவள் கண்ணைக் காட்டினாள். தையல்காரி செம்பை வாங்கி, வெறுந்தரையில், சாக்கடைத் துவாரத்துக்குப் பக்கத்தில் ஊற்றினாள்.

“வலப்பக்கம், ஒண்ணு!” என்று கதவுக்குக் கேட்கும்படி கத்தினாள்.

தையல்காரியின் பென்சில் பாயில் கிடந்தது. துணி சுற்றி வந்த காகிதமும் கிடந்தது. குளிப்பாட்டுகிறவள் இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இறந்தவரின் குறையை மூடு என்றுதான் சொல்லியிருக்கிறது. இது இவள் குறை இல்லை. இவள்மேல் இன்னொருவன் போட்ட கையெழுத்து. சாட்சியத்தை மறைக்காதே என்றும் சொல்லியிருக்கிறது.

தங்கை போய் வாயால் சொன்னால், பாவம், துக்கத்தில் உளறுகிறாள் என்பார்கள். எழுத்தில்தான் போக வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் படித்த வரிசைப்படி எழுதினாள். அனுப்புநர் என்று போட்டு, கீழே நான்கு வரிக்கு இடம் விட்டாள். பெறுநர், காவல் ஆய்வாளர் அவர்கள். பொருள், அடக்கத்தை நிறுத்தக் கோருதல்.

ஐயா, அறையில் இருந்தவர்கள் நான்கு பேர் என்று தொடங்கி, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை எழுதினாள். கழுத்து, உதடு, பல், நகம், முதுகு, மண்டை என்று மேலிருந்து கீழே, முன்னாலிருந்து பின்னால், ஒன்றையும் விடவில்லை.

“வலப்பக்கம், மூணு!”

உடம்பில் இன்னும் தண்ணீர் படவில்லை. நகங்களைச் சுத்தம் செய்யவில்லை. அஸருக்கு முன்னால் வரவும்.

கதவு மறுபடி அதிர்ந்தது. மரத்தில் ஒரு விரிசல் ஓடியது.

தங்கை குனிந்து காகிதத்தைப் பார்த்தாள். “உங்க பேரைப் போடாதீங்க மாமி. அவன் உங்களையும் கொன்னுடுவான்.”

“பேர் இல்லாத கடுதாசியை எவன் மதிப்பான்?”

அனுப்புநருக்குக் கீழே விட்ட இடத்துக்குத் திரும்பி வந்தாள். பெயர் எழுதினாள். வயது எழுதினாள். முகவரி எழுதினாள்.

நான்காவது வரியில் பென்சில் முனை ஒடிந்தது. பல்லால் கடித்துச் சீவிக்கொண்டு எழுதினாள்.

செய்தவன் என் மகன். பெல்ட் அவன் தகப்பனுடையது. அதன் தழும்பு என் முதுகிலும் இருக்கிறது, ஒத்துப்பார்த்துக்கொள்ளலாம்.

காகிதத்தை நான்காக மடித்துக் கற்பூரம் வந்த உறைக்குள் வைத்தாள். ஒட்டப் பசை இல்லை. கஃபனுக்குத் தையல் கிடையாது என்பதால் தையல்காரியின் ஊசி காலையிலிருந்து முந்தானையில் சும்மா குத்தியிருந்தது. அதை உருவி, உறையின் வாயை நெருக்கமாகத் தைத்து, நூலைப் பல்லால் கடித்தாள்.

தண்ணீர் கொண்டுவரும் பின்வாசல் வழியாகத் தங்கை இறங்கி ஓடினாள். ரவிக்கைக்குள் உறை.

“இடப்பக்கம், ஒண்ணு!”

தாழ்ப்பாளின் ஒரு ஆணி கழன்று தரைத் தண்ணீரில் விழுந்தது. குளிப்பாட்டுகிறவள் எழுந்துபோய்க் கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள்.

“திற உம்மா!”

அடுத்த உதை இடது தோளுக்குக் கீழே, பழைய இடத்திலேயே விழுந்தது.