காப்பாற்றப்பட்டோர்

பலகையில் பதினேழு என்றே இருந்தது.

அவன் கிட்டப் போய்ப் பார்த்தான். தகரத்தில் சிவப்புப் பெயிண்ட். இந்த நீர்வீழ்ச்சியில் உயிரிழந்தோர்: 17.

போன வருடம் மனைவி நிரோஜாவோடு வந்தபோதும் பதினேழுதான்.

அவள் பதினெட்டாவது.

அதை எழுதச் சொல்லத்தான் வவுனியாவிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தான். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்கள். மரணச் சான்றிதழில் நியூமோனியா என்று போட்டிருந்தது. தண்ணீர் என்று ஓரிடத்திலும் இல்லை.

எங்காவது ஓரிடத்தில் இருக்கவேண்டும்.

மாங்காய் விற்கும் பெண்ணிடம் கேட்டான். பலகை எழுதுவது யார்?

"சன்னாசி அண்ணன்தான். அந்தா, டியூப் வாடகைக்கு விடுறாரே."

காற்றடைத்த லொறி டியூப்கள். அவற்றுக்குப் பின்னால் ஈரச் சாரத்தோடு ஒருவர். அவன் வாயைத் திறக்குமுன் அவர் எழுந்துவிட்டார்.

"சார்! நீங்க சித்திரை லீவுக்கு வந்த சார்தானே? மஞ்ச சுடிதார் போட்ட மிஸ்ஸோட!"

அன்று அந்த முகத்தை அவன் பார்க்கவேயில்லை. இரண்டு கைகளைத்தான் பார்த்தான். சுழிக்குள்ளிருந்து நிரோஜாவை மேலே நீட்டிய கைகள்.

அந்தக் கைகள் இப்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டன. சில்லென்றிருந்தன.

"கல்லுல போட்டு அமுக்குனேன் பாருங்க. தண்ணியக் கக்கிட்டு, கண்ணத் தொறந்து, என்னைய ஒரு மொற மொறச்சாங்களே! ஆட்டோவுல ஏத்திவிட்ட பொறகுதான் நான் ஈரத்தோட நிக்கிறதே எனக்குத் தெரிஞ்சிச்சு." சிரித்தார். "ஏ புஷ்பம், நான் சொல்லல? அந்த சார் இவருதான்!"

"நீ சொல்றதுல பாதி பொய்யி. எத நம்புறது?" என்றாள் மாங்காய்க்காரி. ஆனாலும் அவனைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

சன்னாசி பலகையின் அடியைக் காட்டினார். நீலப் பெயிண்டில், சின்ன எழுத்தில் ஒரு வரி. அவன் கவனிக்காத வரி.

காப்பாற்றப்பட்டோர்: 6.

"அஞ்ச அழிச்சிட்டு அன்னைக்கே ஆறுன்னு எழுதிப்புட்டேன் சார். ஆறாவது நம்ம மிஸ்தான்."

ஆட்டோவில் அவள் பேசினாள். பசிக்கிறது என்றாள்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். நான்காம் நாள் இல்லை.

இதைச் சொல்லத்தான் வந்தான். பஸ்சில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துமிருந்தான். அவ செத்துப்போயிட்டா. இரண்டே சொல்.

படிகளில் ஒரு சோடி இறங்கி வந்தது. புதிதாகக் கல்யாணமானவர்கள். பெண்ணின் கையில் மருதாணிச் சிவப்பு இன்னும் போகவில்லை. புருஷன் அதற்குள் முழங்கால் தண்ணீரில் நின்றான். அவள் பலகையைப் படித்துவிட்டு நின்றுவிட்டாள்.

"நான் வரேல்ல. பதினேழு பேராம்."

"சும்மா வாரும். நீந்தத் தெரியாத ஆக்களா இருந்திருப்பினம்."

"எனக்கு மட்டும் தெரியுமோ?"

"பயப்படாதீங்க தங்கச்சி," என்றார் சன்னாசி. "நான் இருக்கேன்ல? இந்த சாரோட சம்சாரத்த நாந்தான் தூக்குனேன். அவரையே கேட்டுப் பாருங்க."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அவ இப்ப சுகமா இருக்கிறாவா அண்ணா?"

சன்னாசியும் அவனைப் பார்த்தார். பதிலுக்கு முன்பே அவர் முகம் மலர்ந்திருந்தது.

தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது.

"சுகமா இருக்கிறா."

எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஒரு வருடத்தில் யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. அவனும் அப்படிச் சொன்னதில்லை. சொல்ல இதமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

பெண் சிரித்தாள். சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தாள். கூச்சலிட்டாள். புருஷன் கையைப் பிடித்து இழுத்தான்.

சன்னாசி டியூபை உருட்டிக்கொண்டு பின்னால் போனார். வேண்டாம் என்று புருஷன் தலையாட்டினான்.

அவர் திரும்பி வந்து, ஆவி பறக்கும் பிளேன்டீயை அவன் கையில் திணித்தார். அடுத்த முறை மிஸ்ஸையும் கூட்டிட்டு வாங்க சார், என்றார். பிறகு மேலே வேன் ஒன்று வந்து நிற்க, ஆள் பிடிக்கப் படியேறிப் போனார்.

ரோட்டில் மூன்று மணி பஸ் ஹோர்ன் அடித்தது. அதை விட்டால் இன்று ஊர் போக முடியாது.

அந்தப் பெண்ணின் தலை தெரிந்தது. மறைந்தது. தெரிந்தது.

பஸ் புறப்பட்டு, வளைவில் திரும்பி, சத்தம் தேய்ந்து போயிற்று.

அவள் இன்னும் கொஞ்சம் உள்ளே போனாள்.

அவன் தேநீரைக் கல்லில் வைத்தான். சப்பாத்துகளைக் கழற்றினான். தண்ணீரின் விளிம்பில் போய் நின்றான்.

அவனுக்கு நீந்தத் தெரியாது.